பஞ்சாங்கம் பார்த்து வரும் கூட்டம்

டெல்டா கடற்கரைக்கு வருகிற ஜனங்கள் வெயில் எவ்வளவு, காற்று எப்படி என்று பார்த்துக் கிளம்புவதில்லை. பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புகிறார்கள். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் விடிவதற்கு முன்பே வேன்கள் வரிசை கட்டிவிடும். ஆடிப்பெருக்குக்குக் காவிரி கடலில் சேரும் இடத்தில் புதுத்தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளப் புதுமணப்பெண்கள் வருவார்கள். மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். அங்கே மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை அந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பருவநிலை மாற்றத்தால் கடற்கரைச் சுற்றுலாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பெருந்தரவை (இணையம், செல்போன், செயற்கைக்கோள் வழியாகத் தானாகக் குவியும் தகவலை) வைத்துக் கணக்குப் போடும் ஆய்வுகளைக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். எனக்குச் சோறு போடுவது தரவு வேலை. ஊர் நாகை மாவட்டம். அதனால் ஒவ்வொரு கட்டுரையைப் படிக்கும்போதும், இதை நம்ம கடற்கரையில் போட்டுப் பார்த்தால் என்ன வரும் என்ற யோசனை வராமல் இருப்பதில்லை. என்ன வரும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

கடற்கரைக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத இடத்துக்கு மதிப்பு எப்படிப் போடுவது? அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களை வைத்து இதே கேள்வி வந்தபோது, 1947-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் ஒரு கடிதத்தில் வழி சொன்னார். பக்கத்து ஊர்க்காரருக்கு அந்த இடத்துக்கு வரச் செலவு குறைவு, தூரத்து ஊர்க்காரருக்கு அதிகம். தூரம் கூடக்கூட, அந்தந்த ஊர் மக்கள்தொகையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற விகிதம் குறையும். இந்தக் குறைவை வைத்தே, இவ்வளவு செலவு என்றால் இத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு கோடு வரைந்துவிடலாம். பெட்ரோல் காசு, பஸ் காசு, விடுமுறை எடுத்ததால் போன சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் மனுசர் அந்த இடத்துக்குக் கொடுக்கும் விலை. பயணச் செலவு முறை என்று இதற்குப் பெயர். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

இந்த முறையில் கஷ்டமான வேலை, வாசலில் நின்று ஆளை எண்ணி எந்த ஊர் என்று கேட்பது. அதைக் குறைக்கத்தான் பெருந்தரவு வந்தது. 2013-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு குழு, ஃபிளிக்கர் தளத்தில் ஜனங்கள் ஏற்றிய படங்களை எடுத்துக்கொண்டது. படத்தோடு எடுத்த இடமும் தேதியும் பதிவாகியிருக்கும். ஏற்றியவர் தன் பக்கத்தில் சொந்த ஊரையும் சொல்லியிருப்பார். உலகம் முழுக்க 836 சுற்றுலா இடங்களில், படம் எடுத்தவர்களின் எண்ணிக்கையை வாசலில் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். படம் அதிகம் உள்ள இடத்தில் ஆளும் அதிகம் என்று பொதுவாகப் பொருந்தி வந்தது. அதற்குப் பிறகு ட்விட்டர், இன்ஸ்டாகிராம், செல்போன் டவர், மேப் செயலியில் கூட்ட நேரம் காட்டும் பட்டைகள் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. நம் பக்கம் இருக்கிற எண்ணிக்கை என்ன? திருவிழா முடிந்ததும் பத்திரிகையில் 'லட்சக்கணக்கானோர் புனித நீராடினர்' என்று ஒரு வரி. விடுதிகளில் பெயர் எழுதித் தங்கியவர்கள் கணக்கு. மாவட்டப் புள்ளிவிவரத்தை எடுத்தால், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிப் பூம்புகாரும் தரங்கம்பாடியும் அந்தப் பக்கம் போய்விட்டன. நடுவில் காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில். ஒரே கரை, ஒரே வேன், ஒரே நாளில் மூன்று கணக்குப் புத்தகம். இந்த நிலைமையில் படத்தை வைத்து எண்ணுவது ஒன்றும் குறைந்து போகவில்லை.

சரி, படம் யார் எடுக்கிறார்கள்?

பூம்புகாரில் தை அமாவாசை காலையில் போய் நின்று பாருங்கள். ஈர வேட்டியோடு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் வாழையிலை, அதில் பச்சரிசியும் எள்ளும் வாழைக்காயும். ஐயர் தாத்தா பெயர் கேட்பார், கொள்ளுத்தாத்தா பெயர் கேட்பார், கொள்ளுத்தாத்தாவில் வந்து முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். பிண்டத்தைக் கரைத்துவிட்டு மூன்று முங்கு. அந்த நேரத்தில் போன் எங்கே இருக்கும்? கரையில் மாற்றுத்துணிப் பையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும் அத்தையிடமோ பாட்டியிடமோ, அந்தப் பைக்குள்ளே, துண்டுக்கு அடியில். திதி கொடுக்கும்போது செல்ஃபி எடுத்தால் அந்த அத்தையே திட்டும். ஒரு வேனில் இருபது பேர் வந்தால் அதில் போன் இருப்பது பத்துப் பேரிடம், படத்தைப் பொதுவில் ஏற்றுகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். எடுத்த படமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடும். அது எந்த ஆய்வாளர் கைக்கும் போகாது, போகவும் கூடாது.

இதே பூம்புகாருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிலப்பதிகாரக் கலைக்கூடம் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் வருகிறார்கள். ஆளுக்கு நாற்பது படம். தரவைப் பொறுத்தவரை பூம்புகார் என்பது அந்தப் பைக்குகள்தான்.

பணத்தின் தடம் இன்னும் சிக்கல். வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து கடலுக்குப் போகும் கடைத்தெரு முடியும் இடத்தில் மீன் வறுவல் கடைகள் இருக்கும். மிளகாய்ப்பொடி தடவிச் சிவப்பாக அடுக்கி வைத்த மீனைக் கைகாட்டினால் அப்போதே எண்ணெயில் போட்டுத் தருவார்கள். இப்போது எல்லாக் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஒரு கடையில் காசு அனுப்பியபோது வேறு யாரோ ஆண் பெயர் வந்தது. "சரிதான் தம்பி, அது என் மவன். திருப்பூர்ல இருக்கான். அவனுக்குப் போயிடும், அவன் வட்டிக்காரருக்கு அனுப்பிடுவான்" என்றார் கடைக்கார அக்கா. வேளாங்கண்ணிக் கடற்கரையில் விற்ற மீனின் காசு திருப்பூர்க் கணக்கில் ஏறுகிறது. சோளக்கதிர், சங்கு, கிளிஞ்சல் மாலை, பலூன் விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த அட்டையும் கிடையாது.

இதோடு பல இடம் சேர்த்துப் போகும் பயணம். நம் ஊர் வேன்காரர்களுக்கு இந்தச் சுற்று மனப்பாடம்: காலையில் திருநள்ளாறு, அப்புறம் நாகூர், மதியம் வேளாங்கண்ணி, கடலில் ஒரு குளியல், முடிந்தால் திரும்பும் வழியில் தரங்கம்பாடி. எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாத பயணம். இந்தச் செலவில் கடலுக்கு எவ்வளவு, மாதாவுக்கு எவ்வளவு, ஆண்டவருக்கு எவ்வளவு, சனி பகவானுக்கு எவ்வளவு? பயணச் செலவு முறை இந்த இடத்தில் எப்போதும் திணறும். தங்கிய மணி நேரத்தை வைத்துப் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்தால் எனக்குத் தெரிந்து வேன் ஓட்டுநரின் தூக்கத்துக்குத்தான் அதிக மதிப்பு வரும். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வந்தால் காரைக்கால் கடற்கரையில் கூட்டம் எகிறும். சனி கிரகத்தையும் ஒரு காரணியாகச் சேர்க்காத கணக்கு மாதிரி எங்கள் கரைக்கு அரைகுறைதான். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திதியும் பெயர்ச்சியும் பல வருடத்துக்கு முன்கூட்டியே கணிக்கக்கூடியவை. தரவு அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கும் வேலைதான்.

இனி பருவநிலை. சுற்றுலாவையும் வானிலையையும் இணைக்கும் கணக்குகளுக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். 1985-இல் மியெச்கோவ்ஸ்கி என்பவர் வெப்பம், ஈரப்பதம், மழை, வெயில் நேரம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுலாவுக்கான ஒரு குறியீட்டு எண்ணை உண்டாக்கினார். அந்த வழியில் வந்த கணக்கு மாதிரிகள் சொல்வது இது: கடற்கரை சுகமாக இருந்தால் ஆள் வருவார், வெப்பம் ஏறினால் வரத்துக் குறையும் அல்லது வேறு மாதத்துக்கு நகரும், மணல் சுருங்கினால் வேறு கடற்கரைக்குப் போவார். வராமல் போன ஆளைப் பணமாக்கினால் நஷ்டக் கணக்கு ரெடி.

மத்தியதரைக் கடல் பக்கம் இது சரியாக இருக்கலாம். ஜூலையில் கொதித்தால் ஸ்பெயினுக்குப் போகிறவர் மே மாதம் போவார். ஆடி அமாவாசையை யார் மார்கழிக்கு நகர்த்துவது? அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டியவர், மணல் சுடுகிறது என்பதற்காக வராமல் இருப்பாரா? வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி, சின்னத் தேரை இழுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆகஸ்ட் வெயிலில் நாள்கணக்கில் நடந்து வருகிறவர்களிடம் வெப்பக் குறியீட்டைக் காட்டிப் பாருங்கள். அந்தக் கஷ்டமும் வேண்டுதலில் சேர்ந்ததுதான்.

என் சந்தேகம் இதுதான். வெப்பம் கூடினாலும் மணல் குறைந்தாலும் எங்கள் கரைக்கு வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. எண்ணிக்கை குறையாவிட்டால் அந்தக் கணக்கில் நஷ்டம் பூஜ்யம் என்று வரும். அப்படியென்றால் டெல்டா கடற்கரைக்குப் பருவநிலை மாற்றத்தால் பாதிப்பில்லை என்று ஓர் அறிக்கை அச்சாகலாம். ஜனங்கள் பொறுத்துக்கொள்ளும் நஷ்டத்தை இந்த முறையால் பார்க்க முடியாது. வராமல் போனவரை அது எண்ணும். வந்து, நிற்க இடமில்லாமல், மயங்கி விழுந்து, கடைசியில் முங்காமல் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரும்பியவர் அதற்கு ஒரு முழு வருகைதான்.

கூட்டத்தின் தேதி முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி நிறைந்திருந்த காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அதில் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்களும் நிறையப் பேர். சுனாமிக்கும் பருவநிலைக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் ஒரு கரையில் எந்த நாளில் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற தகவலுக்குப் பணமதிப்பைவிடப் பெரிய உபயோகம் ஒன்று இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மணலுக்கு வருவோம். இதில்தான் பெருந்தரவின் மேல் எனக்கு உண்மையான மரியாதை. 1984-இலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈரமும் உலர்வும் பிரியும் கோட்டைக் கணினியே வரைந்துவிடும். 2018-இல் இப்படி உலகக் கடற்கரை முழுவதையும் அளந்த ஒரு குழு, மணற்கரைகளில் 24 சதவீதம் வருடத்துக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுகிறது என்று கண்டது. நம் நாட்டில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990-லிருந்து பார்த்த கணக்கில், இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் தரங்கம்பாடியின் நாற்பது வருடக் கரைக்கோட்டை நீங்களும் வரையலாம்.

ஆனால் அந்தக் கோடு ஏன் நகர்ந்தது என்று செயற்கைக்கோள் சொல்லாது. கடல் மட்டம் ஏறுகிறது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரி வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். மட்டம் ஏறுவதுபோல ஐம்பது முதல் நூறு மடங்கு கரை பின்வாங்கும் என்று 1962-இல் ப்ரூன் என்பவர் சொன்ன விதி ஒன்று உண்டு. அதைப் போட்டால் வருடத்துக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் வருகிறது. 2020-இல் இந்த வகைக் கணக்கைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்தி, நூற்றாண்டு இறுதிக்குள் உலக மணற்கரைகளில் பாதி போய்விடலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. பின்னால் இடம் விட்டால் கரை தானே பின்னுக்கு நகர்ந்து உயிரோடு இருக்கும், ஒரே விதியை எல்லாக் கரைக்கும் போடாதே என்று இன்னொரு குழு அதே ஆண்டில் மறுத்தது. மறுத்தவர்கள் பக்கம்தான் நான்.

ஏனென்றால் எங்கள் கரையின் மணல் ஆறு கொண்டுவந்த மணல். 1930-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் கண்ணம்பாடி (கிருஷ்ணராஜசாகர்), 1934-இல் மேட்டூர் என்று அணைகள் வந்தபோதே வண்டலும் மணலும் மேலே தங்க ஆரம்பித்துவிட்டன. மிச்சத்தைக் கொள்ளிடத்தில் லாரிகள் அள்ளின. கடலுக்குள் வந்து சேருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஒரே இடத்தில் நிற்காது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். நடுவில் கடலுக்குள் கல் அணைக்கரை நீட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரிக்கும்.

தரங்கம்பாடியில் இது கண்ணுக்கு முன்னால் தெரியும். 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டை கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறது. (ஓசோன் நிறைந்த காற்று என்று அங்கே ஒரு பெருமை சொல்வார்கள். தரைமட்டத்தில் ஓசோன் இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்காற்று நல்ல காற்று என்று சொன்னாலே போதும்.) அலை தடுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அந்தக் கல்லில் ஏறி நின்று படம் எடுப்பதற்கே ஒரு கூட்டம். பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவரிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். "கோயிலுக்கு நல்லதுதான் தம்பி. எங்க போட்ட எங்க ஏத்துறது?" என்றார். அவருக்கு மணல் என்பது போட் நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம், கருவாடு காயப்போடுமிடம். இதில் எதுவும் சுற்றுலா மதிப்புக்குள் வராது.

மதிப்புக் கணக்கு வெறும் கட்டுரையோடு நின்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். எந்தக் கரைக்குக் கல், எந்தக் கரைக்கு மணல் கொட்டுவது, எந்தக் கரைக்குக் கழிப்பறையும் நிழற்கூரையும் என்று முடிவெடுக்கும்போது இந்த எண்கள் மேஜைக்கு வரும். சென்னைக்குத் தெற்கே கோவளம் கரை, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குக் கொடுக்கும் சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது; நாகை மாவட்டத்தில் காமேஸ்வரத்துக்கும் வாங்கும் திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் படம் அதிகம் ஏறும் கரைக்கு மதிப்பு அதிகம், மதிப்பு அதிகமான கரைக்குக் கல் முதலில் என்று போனால், அந்தக் கல்லால் அரிக்கப்படும் அடுத்த ஊரின் கரை எந்தப் படத்திலும் இருக்காது. சுனாமிக்குப் பிறகு, அலையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புது வீடு என்று மீனவர்களிடம் சொன்னபோது, காலியாகும் இடம் யாருக்கு என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

தரவின் சாவி யார் கையில் என்பதும் சின்ன விஷயமில்லை. 2023-இல் ட்விட்டர் இலவசமாகத் தரவு எடுக்கும் வழியை மூடியதும் பல ஆய்வுகள் பாதியில் நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து மின்கம்பங்கள் சாய்ந்த பிறகு, வேதாரண்யம் பக்கம் போனுக்கு சார்ஜ் போடவே ஜெனரேட்டர் தேட வேண்டியிருந்தது. புயலின் பாதிப்பு எங்கே மிக அதிகமோ அங்கேதான் தரவு இருண்டு கிடக்கும்.

பெருந்தரவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கீழே நின்று எண்ணிய எண்ணிக்கை கொஞ்சமாவது கையில் இருந்தால்தான் அதைத் திருத்திப் பயன்படுத்த முடியும். 2013 ஆய்வுக்கே வாசலில் எண்ணிய கணக்கு இருந்ததால்தானே ஒப்பிட முடிந்தது? நம் பக்கம் அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஆடி அமாவாசை அன்று பூம்புகார், வேதாரண்யம், கோடியக்கரை வேன் நிறுத்துமிடங்களில் புள்ளியியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளை விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார வைக்க வேண்டும். எத்தனை வேன், வேனுக்கு எத்தனை தலை, எந்த ஊர், அதில் எத்தனை பேரிடம் போன், எத்தனை பேர் தண்ணீரில் இறங்கினார்கள், இறங்காதவர் ஏன் இறங்கவில்லை. இதே கேள்விகளை ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையும் கேட்க வேண்டும். இரண்டு நாளுக்கும் போன் கணக்கு எவ்வளவு தப்புகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த விகிதத்தை வைத்து மற்ற அமாவாசைகளைத் திருத்திக்கொள்ளலாம். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் தனி நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் காலை டிபனும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தால் போதும், வருவார்கள்.